பரோசாவைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு

மொழி அழிந்தால் இனம் அழியும் என்பது நம் மேடைகளில் ஓயாது ஒலிக்கும் வாசகம். பள்ளி ஆண்டு விழாவில் ஒலிக்கிறது. ஆசிரியர் நாளில் ஒலிக்கிறது. மாணவர் பேச்சுப் போட்டியிலோ ஐந்து நிமிடத்தில் மூன்று முறை ஒலிக்கிறது. கேட்போர் கை தட்டுகின்றனர். ஆனால் கை தட்டாமல் ஒருவர் எழுந்து நின்று, "எந்த இனம் அவ்வாறு அழிந்தது? ஊரைச் சொல்லுங்கள், பேரைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் நம் பேச்சாளர்களுள் எத்தனை பேர் கையில் விடை இருக்கிறது?

அப்படிக் கேட்பவர்கள் இருக்கின்றனர். கேட்பதோடு நில்லாமல், மொழியை இழந்த பின்பும் செழித்து வாழும் ஓர் இனத்தைக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று அழைப்பவர்களும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் என் நெடுநாள் நண்பர். தமிழ்ப் பள்ளியில் என்னோடு பல்லாண்டு பணியாற்றியவர்; பிள்ளைகளின் மேற்படிப்பை முன்னிட்டுத் தென் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெயிடில் குடியேறியவர். கடந்த மார்ச்சுத் திங்களில் அவர் இல்லத்தில் பத்து நாள் தங்கியிருந்தேன். அந்தப் பத்து நாள்களுள் இரண்டைப் பரோசாப் பள்ளத்தாக்கின் திராட்சை மது ஆலைகளைக் காட்டுவதற்கென்றே அவர் ஒதுக்கினார். விருந்தோம்பல் மட்டும் அதற்குக் காரணமன்று. எங்களுக்குள் இருபது ஆண்டாக நடந்துவரும் வழக்கொன்றில் தம் பக்கத்துச் சாட்சியை எனக்கு நேரில் காட்ட விரும்பினார்.

அவர் வாதத்தை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "இந்தப் பள்ளத்தாக்கை ஆக்கியவர்கள் ஜெர்மானியர்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரன்களுக்கு இன்று ஜெர்மன் தெரியாது. என்ன குறைந்துபோயிற்று, வாத்தியாரே? நிலம் இருக்கிறது. கோயில் இருக்கிறது. பாட்டன் நட்ட கொடி இருக்கிறது. பாட்டன் பெயர் புட்டியில் ஒட்டியிருக்கிறது. உலகமே வந்து விலை கொடுத்து வாங்கிப் போகிறது. மொழி என்பது சட்டை. கழற்றினால் உடம்பு போய்விடாது."

இது அடிலெயிடில் மட்டும் பேசப்படும் பேச்சாக இருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இராது. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும், ஆசிரியர் அறைக்குள்ளேயே, குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைச் சொல்பவர்கள் பலர். தம் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்தோம் என்பதை விளக்க வேண்டிய கட்டாயம் நேரும்போது இந்தப் பேச்சு அவர்களுக்குக் கை கொடுக்கிறது. இதை மேடை வாசகத்தால் மறுக்க முடியாது. சாட்சியைக் காட்டி வாதிடுபவருக்கு அந்தச் சாட்சியையே விசாரித்துத்தான் விடை சொல்ல வேண்டும். ஆகவே பரோசாவுக்குப் போவோம்.

போவதற்கு முன் ஒரு சொல். மது ஆலைக்குப் போய் வந்ததைத் தமிழாசிரியன் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர் இருக்கக்கூடும். சுளிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நம் தோட்டங்களில் கள்ளுக்கடை செய்த கேடு சிறிதன்று. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. நான் குடிப்பவனல்லன். நண்பர் சுவைத்த இடங்களிலெல்லாம் தண்ணீர்க் குவளையோடு நின்றேன். அங்கே தேர்ந்த சுவைஞர் பலரும் மதுவை வாயில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அதற்கென வைத்திருக்கும் கலத்தில் துப்பிவிடுவதைக் கண்டபோது, நம் ஊர்க் குடிகாரர் இதைக் கண்டால் எவ்வளவு வருந்துவர் என்று எண்ணிக்கொண்டேன். யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூறு பேசும் இடத்தை வகுப்பில் நாம் கூச்சமின்றி நடத்துகிறோம். திராட்சை விளையும் நிலத்தையும் அதை விளைவித்த மக்களையும் அறிந்துகொள்வதில் கூச்சம் எதற்கு?

பரோசா, அடிலெயிடுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மார்ச்சு அங்கே அறுவடைக் காலம். கார்க் கண்ணாடியை இறக்கினால் புளித்த பழச்சாற்றின் மணம் உள்ளே வருகிறது. மழை குறைந்த நாடாதலால் மேடுகள் வைக்கோல் நிறத்தில் வறண்டு கிடக்கின்றன; அவற்றின் அடிவாரத்தில் மட்டும் கோடு போட்டாற்போலப் பசுமை. தனுண்டா, அங்காஸ்டன், நுரியுட்பா என்னும் சிற்றூர்களைச் சுற்றி ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு குடும்பத்தின் பெயர். பல இடங்களில் அது ஜெர்மன் பெயர்.

தனுண்டாவில் லாங்மைல் என்னும் ஆலைக்கு உரிய ஒரு சிறு தோட்டம் 1843இல் நடப்பட்டது. உலகில் இன்றும் காய்க்கும் ஷிராஸ் கொடிகளுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று என்பர். கொடி என்ற சொல்லை அதற்குச் சொல்ல நா எழவில்லை. இடுப்பளவு உயரம், முறுக்கிப் பிழிந்த துணியைப் போலத் திருகிய அடிமரம், பட்டை உரிந்து, நடுவே பிளந்து, செத்துவிட்டதோ என்று ஐயுறும்படி நிற்கிறது. அதன் தலையில் பச்சை இலையும் கறுத்த சிறு குலைகளும். இளங்கொடியைப்போல் அது மிகுதியாகக் காய்ப்பதில்லை. காய்ப்பது சிறிது, ஆனால் சாற்றில் செறிவு மிகுதி என்பதால் விலையும் மிகுதி.

இக்கொடிகள் எவ்வாறு பிழைத்தன என்பது தனிக் கதை. பைலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி 1860களிலிருந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை நாசமாக்கியது. அங்கே இன்று பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேரின் மீது ஒட்டுக் கட்டப்பட்டவை. அப்பூச்சி 1877இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தோன்றியது. பக்கத்து மாநிலமாகிய தென் ஆஸ்திரேலியா 1899இல் தனிச் சட்டமே இயற்றி, பூச்சி எல்லை தாண்டாமல் பார்த்துக்கொண்டது. இன்றும் தோட்ட வேலிகளில், கொடிகளுக்கிடையே நடக்காதீர்கள், உங்கள் காலணியில் ஒட்டிய மண் எங்கள் கொடியைக் கொல்லக்கூடும் என்ற பொருளில் அறிவிப்புகள் தொங்குகின்றன. ஆகவேதான் பரோசாவின் முதிய கொடிகள் இன்னும் தம் சொந்த வேரில் நிற்கின்றன. 2009இல் பரோசா மக்கள் கொடிகளுக்கு வயதுவரிசை வகுத்தனர்: 35 ஆண்டு கடந்தது மூத்த கொடி, 70 கடந்தது தப்பிப் பிழைத்த கொடி, 100 கடந்தது நூற்றாண்டுக் கொடி, 125 கடந்தது மூதாதைக் கொடி.

"பார்த்தீர்களா, எப்படிப் பேணுகிறார்கள்!" என்றார் நண்பர். பேணுகிறார்கள். அதில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை. என் கேள்வி வேறு. கொடிக்கு இவ்வளவு காவல் வைத்த அதே நாடு, கொடியை நட்டவனின் மொழிக்கு என்ன செய்தது?

இந்த ஜெர்மானியர் வந்த கதையை நண்பர் பாதிதான் சொன்னார். அவர்கள் பொன் தேடி வந்தவர்களல்லர். பிரஷ்யா நாட்டு மன்னன் மூன்றாம் பிரெடரிக் வில்லியம், தன் நாட்டுப் புராட்டசுடாந்து சபைகளை ஒன்றாக்கி, எல்லாரும் ஒரே வழிபாட்டு முறையைப் பின்பற்ற வேண்டும் என ஆணையிட்டான். சைலீசியா முதலிய பகுதிகளில் வாழ்ந்த பழைய லூத்தரன் பிரிவினர் மறுத்தனர். தம் முன்னோர் வழிபட்ட வாசகத்தை மாற்றமாட்டோம் என்றனர். போதகர்கள் சிறை சென்றனர். கவேல் என்னும் போதகரின் தலைமையில், ஆங்கஸ் என்னும் ஆங்கிலச் செல்வரின் பண உதவியோடு, 1838இல் அவர்கள் கப்பலேறினர். 1842இல் பரோசாவில் பெத்தனி என்னும் முதல் ஊரை அமைத்தனர். கோயிலை ஒட்டியே பள்ளியையும் கட்டினர். மொழிக்காக அவர்கள் நாடு விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அது சமயப் பூசல். ஆனால் வழிபாட்டில் சில சொற்களை மாற்றச் சொன்னதற்காகக் கடல் கடந்த மக்களைக் காட்டி, இவர்கள் சொல்லைப் பெரிதாக எண்ணாதவர்கள் என்று வாதிடுவது எவ்வளவு பொருந்தாத செயல்!

ஏறத்தாழ எண்பது ஆண்டு அவர்கள் மொழி அங்கே நின்றது. வீட்டில் ஜெர்மன், கோயிலில் ஜெர்மன், பள்ளியில் ஜெர்மனும் ஆங்கிலமும், ஜெர்மன் மொழியில் செய்தித்தாள். மூன்று தலைமுறை இவ்வாறு கழிந்தது. பிறகு 1914 வந்தது. முதல் உலகப் போர் தொடங்கியதும், அந்நாட்டிலேயே பிறந்து அந்நாட்டு மண்ணையே உழுதவர்கள் ஒரே நாளில் பகைவர் ஆயினர். அடிலெயிடுக்கு அருகில் டோரன்ஸ் தீவில் முகாம் அமைத்துப் பலரை அடைத்து வைத்தனர். ஜெர்மன் மொழி இதழ்கள் நிறுத்தப்பட்டன. 1917இல் 49 லூத்தரன் பள்ளிகளை அரசு மூடியது. ஒன்றல்ல, இரண்டல்ல, 49. அதே ஆண்டு இயற்றிய பெயர் மாற்றச் சட்டத்தின்படி, 1918 தொடக்கத்தில் 69 ஊர், மலை, ஆற்றுப் பெயர்கள் நாட்டுப் படத்திலிருந்து துடைக்கப்பட்டன. ஹான்டார்ஃப் என்ற ஊர் ஆம்பிள்சைட் ஆயிற்று. லோபெத்தால் ட்வீட்வேல் ஆயிற்று. பரோசாவின் கைசர்ஸ்டூல் மலைக்குப் பிரிட்டிஷ் படைத் தளபதி கிச்னரின் பெயரைச் சூட்டினர்.

சட்டையைக் கழற்றினார்களாம்! கழற்றவில்லை, ஐயா. நடுத்தெருவில் நிறுத்தி உரித்தார்கள். உரிக்கப்பட்டவனைக் காட்டி, இவன் சட்டையின்றி எவ்வளவு நலமாக இருக்கிறான் பாருங்கள் என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. நண்பர் நல்லவர், கொடுமை செய்ய எண்ணாதவர். ஆனால் அவர் வாதம் அந்தக் கொடுமையைச் செய்கிறது.

பெயர்கள் சில திரும்பின. ஹான்டார்ஃப், லோபெத்தால் ஆகியவை 1935இல் மீண்டன. கைசர்ஸ்டூல் 1975இல்தான் மீண்டது. லூத்தரன் பள்ளிகளும் பின்னாளில் திறந்தன. ஆங்கிலப் பள்ளிகளாகத் திறந்தன. பெயரைத் திருப்பித் தர ஓர் அரசாணை போதும். பேசுபவனைத் திருப்பித் தருவதற்கு எந்த அரசிதழில் ஆணை வெளியிடுவது?

என்ன குறைந்துபோயிற்று என்று நண்பர் கேட்டதற்கு விடை, இரண்டாம் நாள் நாங்கள் சென்ற ஒரு சிறு குடும்ப ஆலையின் சுவரிலேயே தொங்கியது. மது சுவைக்கும் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய கடிதம் ஒன்று. பழைய ஜெர்மன் கையெழுத்து, பக்கம் நிறைய. அக்குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த முதியவர் எங்களுக்கு உபசாரம் செய்துகொண்டிருந்தார். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தம் முப்பாட்டனார் ஊருக்கு எழுதத் தொடங்கி அனுப்பாமல் வைத்த கடிதம் என்று தந்தை சொல்லக் கேட்டதாகவும், உள்ளே இருப்பது தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் வெட்கப்படவுமில்லை, வருந்தவுமில்லை. மழை பெய்யாததைச் சொல்வதுபோல் சொன்னார். பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வந்த எங்களுக்கும், அதே குருதியில் பிறந்த அவருக்கும் அக்கடிதத்தைப் பொறுத்தவரை ஒரே நிலைதான். முப்பாட்டன் கொடியைத் தொட்டு இது நல்ல கொடி என்று அவரால் சொல்ல முடிகிறது. முப்பாட்டன் மனத்தில் என்ன இருந்தது என்பதை வேற்றாள் ஒருவர் படித்துச் சொன்னால்தான் உண்டு.

ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் இதே நிலைதான். பழைய கற்களில் ஜெர்மன். பிந்திய கற்களில் ஆங்கிலம். எந்தக் கல்லில் மொழி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு நூற்றாண்டு வரலாறு கண்ணில் படுகிறது. நண்பர் காரிலேயே இருந்தார், வெயில் என்றார்.

நண்பர் கூட்டி வந்த சாட்சியை விடக் கூட்டி வராத சாட்சி எனக்குப் பெரிதாகப் பட்டது. பரோசாவின் மண்ணும் அடிலெயிடு நகரின் மண்ணும் 1836க்கு முன் யாருடையவை? பெரமாங்க், ஙட்ஜுரி, கௌர்னா என்னும் பழங்குடி மக்களுடையவை. அடிலெயிடு சமவெளி கௌர்னா மக்களின் நாடு. நகரின் நடுவிலுள்ள விக்டோரியா சதுக்கத்துக்கு இன்று தார்ந்தன்யாங்கா என்ற கௌர்னாப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அம்மொழியைக் கடைசியாகப் பேசியவர் எனக் கருதப்படும் இவாரிட்ஜி என்னும் மூதாட்டி 1929இல் மறைந்தார். அத்தோடு அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனெனில் 1838இல் வந்த டைக்கெல்மன், ஷூர்மன் என்னும் இரு லூத்தரன் போதகர்கள் அம்மொழியைக் கற்று, அதன் இலக்கணத்தையும் சொற்களையும் 1840இல் நூலாக அச்சிட்டிருந்தனர். கௌர்னாச் சிறுவர்க்கு அவர்கள் மொழியிலேயே பள்ளியும் நடத்தினர். அரசு அதை 1845இல் மூடியது. நூல் மட்டும் எஞ்சியது. இன்று கௌர்னா மக்களின் பேரப் பிள்ளைகள் அந்நூலை வைத்துக்கொண்டு, அடிலெயிடுப் பல்கலைக்கழக மொழியியலார் துணையோடு, தம் மொழியை எழுத்தெழுத்தாக மீட்கிறார்கள். பாட்டி எவ்வாறு உச்சரித்திருப்பாள் என்று ஊகித்து ஊகித்துப் பேசப் பழகுகிறார்கள்.

மொழி வெறும் சட்டையாக இருந்தால், தொலைந்து இத்தனை ஆண்டு கடந்த பின் அதைத் தேடி யாராவது இவ்வளவு பாடுபடுவாரா? நிலத்தையும் இழந்து மொழியையும் இழந்த மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். இழக்காதவன் சொல்லும் விலையை விட இழந்தவன் சொல்லும் விலைதான் சரியாக இருக்கும்.

இனி, நம் கதைக்கு வருவோம். பரோசா ஜெர்மானியரையும் நம்மையும் ஒரே தட்டில் வைக்கலாமா? அவர்கள் கடனாளிகளாக வந்தாலும் நிலத்துக்கு உரியவர்கள் ஆயினர். நிலம் அவர்களுடையது, ஆகவே கொடி அவர்களுடையது, ஆகவே புட்டியில் பெயர் அவர்களுடையது. மொழி போன பின்பும் கையில் பிடித்துக்கொள்ள மண் இருந்தது. நம் பாட்டன்மார் நட்டது இரப்பர் மரம். அது நின்ற நிலம் கம்பெனியுடையது. பால் வற்றினால் இருபத்தைந்து முப்பது ஆண்டில் மரத்தை வெட்டுவர். மூதாதை மரம் என்று ஒன்றை நாம் யாருக்கும் காட்ட முடியாது.

செப்பல்ட்ஸ்ஃபீல்ட் என்னும் பழைய ஆலையில் இது எனக்கு உறைத்தது. 1851இல் ஜோசப் செப்பல்ட் தொடங்கிய ஆலை அது. அவருடைய மகன் பென்னோ 1878இல் ஒரு பீப்பாய் மதுவைத் தனியே வைத்து, நூறு ஆண்டு வரை யாரும் தொடலாகாது என்றார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பீப்பாயாவது தவறாமல் வைத்து வருகின்றனர். இன்று அங்கே செல்பவர் பணம் கட்டினால், தாம் பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்து ஒரு சிறு கிண்ணம் எடுத்துத் தருவார்கள். நண்பர் 1953ஆம் ஆண்டுப் பீப்பாய்க்குப் பணம் கட்டினார். பாகு போலக் கெட்டியாக, கருப்பட்டி நிறத்தில் வந்த அதை மெல்ல அருந்தி, "என் வயசு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் பிறந்த தோட்டம் பேராக்கில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வீடமைப்புப் பகுதி ஆக்கினார்கள். லயன் வீடுகள் இல்லை, கோயில் இடம் மாறிவிட்டது, அவர் படித்த பள்ளியின் பதிவேடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. 1953இல் அவர் பிறந்ததற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பீப்பாய் இருக்கிறது. பேராக்கில் ஒரு செங்கல் இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்த பொருள்களுள் இன்றும் அவரிடம் இருப்பது ஒன்றே. அவர் பேசுகிற, எழுதுகிற, ஒரு காலத்தில் அருமையாகக் கற்பித்த தமிழ். மண்ணை வைத்திருப்பவன் மொழியைத் தொலைத்துவிட்டுப் பிழைத்ததைக் காட்டி, மொழியைத் தவிர வேறொன்றும் இல்லாதவனையும் அதைத் தொலைக்கச் சொல்வது என்ன கணக்கு?

நம்மிடமும் மண்ணை வாங்கிக் காத்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பரோசாவில் நண்பர் சொல்லாமல் விட்ட இன்னொரு செய்தியும் இதைப் போன்றதே. அதனால்தான் இதை இங்கே நினைவூட்டினேன்.

அந்த முதிய கொடிகள் தாமாகப் பிழைத்தவையல்ல. 1980களின் நடுப்பகுதியில் திராட்சை தேவைக்கு மேல் விளைந்து விலை வீழ்ந்தது. கொடியைப் பிடுங்கி எறியும் குடியானவருக்கு அரசே பணம் கொடுத்தது. பூச்சியிலிருந்து காக்கச் சட்டம் செய்த அதே அரசு! குறைந்த விளைச்சல், கட்டுப்படியாகாத செலவு, காலத்துக்கு ஒவ்வாத வகை என்று கணக்குச் சொன்னார்கள். நூறாண்டுக் கொடிகள் ஏக்கர் ஏக்கராக வேரோடு போயின. மிஞ்சியவற்றைக் காத்தவர்கள் யார்? வாங்கியவர்கள். 1970களின் இறுதியில், பீட்டர் லேமன் என்பவர் பணியாற்றிய ஆலையின் மேலிடம், குடியானவரிடம் திராட்சை வாங்க வேண்டாம் என்று ஆணையிட்டது. வாய்ச்சொல்லை நம்பி ஆண்டாண்டாகப் பழம் கொடுத்த குடும்பங்களை நட்டாற்றில் விட அவர் மறுத்தார். முதல் திரட்டி 1979இல் தனி நிறுவனம் கண்டார். அதற்குக் கதையொன்றில் வரும் சூதாடியின் பெயரை வைத்தாராம். செய்தது சூதாட்டம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அவரைப்போலவே ராக்ஃபோர்டு ஆலையை நிறுவிய ராபர்ட் ஓகாலகன் முதலியோர், பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய முதிய கொடியின் பழத்துக்கு நல்ல விலை கொடுத்தனர். விலை வந்தது, ஆகவே குடியானவர் கோடரியைக் கீழே வைத்தார். பிடுங்காதே என்று யாரும் மேடையேறி முழங்கியதால் அவர் அதை வைக்கவில்லை.

குறைந்த விளைச்சல், கட்டுப்படியாகாத செலவு. இச்சொற்களை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? மலேசியாவில் குறைந்த மாணவர் கொண்ட தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்கிறோம். 1957இல் 888 ஆக இருந்த நம் பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. தோட்டங்கள் கலைந்ததால் மூடியவை பல. அவற்றுக்கு நாம் பொறுப்பல்லோம். ஆனால் நகரத்தில், வீட்டுக்கு அருகில், நல்ல கட்டடத்தோடு நின்றும் ஆள் சேராத பள்ளிகளுக்கு யார் பொறுப்பு? சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடியபோது எந்தப் போரும் நடக்கவில்லை. எந்தத் தீவிலும் முகாம் அமைக்கவில்லை. பிள்ளைகள் வரவில்லை, அவ்வளவே. தென் ஆஸ்திரேலியாவில் 49 பள்ளிகளை மூட ஓர் உலகப் போர் தேவைப்பட்டது. நமக்குச் சேர்க்கைப் பாரத்தில் ஒரு கையெழுத்துப் போதுமானதாக இருக்கிறது.

இவ்விடத்தில் ஆசிரியப் பெருமக்களை நேராகவே கேட்கிறேன். தமிழ்ப் பள்ளியில் சம்பளம் வாங்கும் நம்முள் எத்தனை பேருடைய பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் பயில்கின்றனர்? எழுத்தாளர் சங்கம் வெளியிடும் நூல்களை வெளியீட்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் நடுவே வாங்குவதைத் தவிர, கடையில் தேடிச் சென்று விலை கொடுத்து வாங்கும் தமிழாசிரியர் ஒரு பள்ளிக்கு எத்தனை பேர்? கோ. சாரங்கபாணி 1950களில் தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரால் நிதி திரட்டியபோது, பால் மரம் வெட்டியவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்காகத் திரட்டிய நிதி அது. கொடுத்தவருள் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழக வாயிலைக் கண்டவரல்லர். அந்த வெள்ளியும் லேமன் பழத்துக்குக் கொடுத்த விலையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மாணவர்களும் இதைத் தம் பேச்சுப் போட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். மொழி அழிந்தால் என்று தொடங்கும் வாசகத்துக்குப் பதிலாகக் கைசர்ஸ்டூல் மலையின் கதையைச் சொல்லட்டும், இவாரிட்ஜியின் கதையைச் சொல்லட்டும். ஊரும் பேரும் கேட்பவருக்கு அங்கே விடை இருக்கிறது.

இவற்றையெல்லாம் திரும்பும் வழியில் நண்பரிடம் சொன்னேன். அவர் எளிதில் விட்டுக்கொடுப்பவரல்லர். "போர் வராவிட்டாலும் அந்த மொழி போய்த்தான் இருக்கும், இன்னும் இரண்டு தலைமுறை இழுத்திருக்கும்" என்றார். இருக்கலாம். இரண்டு தலைமுறை இழுத்திருந்தால் அந்த முதியவர் தம் முப்பாட்டனின் கடிதத்தைப் படித்திருப்பார் என்றேன். அதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. காரின் பின்புறம் அவர் வாங்கிய புட்டிகள் பெட்டிக்குள் மெல்லக் குலுங்கிக்கொண்டு வந்தன. அந்தக் குடும்ப ஆலையில் அவர் சந்தாதாரர். ஆண்டுதோறும் ஒரு பெட்டி வாங்கிவிடுவார். முதிய கொடியை நாம் வாங்காவிட்டால் யார் வாங்குவது என்று அவரே என்னிடம் சொன்னார். அவர் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. நடத்துபவர்கள் ஊதியம் பெறாத தாய்மார்கள். பேரனுக்கு ஏழு வயது. அவனை அங்கே சேர்த்தாயிற்றா என்று கேட்டேன். அடுத்த பருவம் தொடங்கட்டும், பார்க்கலாம் என்றார்.